பரணைக் காலி செய்தேன், வீட்டில் பேச்சு நின்றுவிட்டது

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். பரண் கொள்ளாத சாமான். போன வாரம் ஓர் அட்டைப்பெட்டி சரிந்து மகளின் தோளில் விழுந்தது. அந்தக் கோபத்தில், எல்லோரும் வெளியே போயிருந்த நாளில் நான் ஒருத்தியாகவே பரணை ஒழித்துவிட்டேன். பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டதில், மாமனார் கட்டியிருந்த ஓடாத கைக்கடிகாரம் இருந்த டப்பாவும் போய்விட்டது. நான்கு நாளாகக் கணவரும் மாமியாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே நாளில் கழிவறையைக் கழுவ ஆசிடையும் ப்ளீச்சையும் சேர்த்து ஊற்றி, மூச்சு முட்டி வெளியே ஓடிவந்தேன். வீட்டு வேலைக்கு யாரும் வருவதில்லை. ஒருமுறை கணவர் துவைத்ததில் மகனின் வெள்ளைச் சட்டைகள் சிவப்புச் சாயம் ஏறிவிட்டன. அதிலிருந்து அதையும் நானே பார்க்கிறேன். வீடும் ஒழுங்காக வேண்டும், வீட்டு மனிதர்களும் வேண்டும். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, கடிகாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த ஆசிட் விஷயத்தைப் பேசிவிடுகிறேன். நீங்கள் போகிறபோக்கில் சொன்னதுதான் என்னைப் பதறவைத்தது.

ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிவறைக் கறைக்கு ஊற்றும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவர் முகத்துக்குத்தான் நேராகப் போகும். வினிகரோடு சேர்த்தாலும் இதே கதை. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு வரும். எனவே ஒரு வேளைக்கு ஒரே திரவம், அதுவும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. அவசரத்தில் கை மாறாமல் இருக்க, இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நீங்கள் உடனே வெளியே வந்தது நல்லது. எப்போதும் அதைத்தான் செய்ய வேண்டும், நெடி முழுக்கப் போகும்வரை உள்ளே போகவும் கூடாது. இப்போதும் இருமலோ நெஞ்சில் இறுக்கமோ இருந்தால், இதை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். பழைய சாமான் எடுப்பவர்கள் வாங்கியதை அன்றே கரைத்துவிடுவதில்லை; இரும்பு, தாள், பிளாஸ்டிக் என்று பிரித்துக் குவித்து, கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் அனுப்புவார்கள். நான்கு நாள்தான் ஆகியிருக்கிறது. இன்றே போய்க் கேளுங்கள். டப்பாவின் நிறம், அளவு, எந்த நாள் போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிடைக்காமலே போனாலும் நீங்கள் தேடி அலைந்ததை அவர் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்.

மன்னிப்புக் கேட்கும்போது, "பெட்டி விழுந்து பிள்ளைக்கு அடிபட்டதே" என்று ஆரம்பிக்க வேண்டாம். அது உண்மைதான், அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும், "உங்கள் அப்பாவின் பொருளை உங்களைக் கேட்காமல் எடுத்துப் போட்டது என் தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். மாமியாரிடமும் தனியாகச் சொல்லுங்கள். அவருக்கு அது கணவரின் கையில் இருந்த கடிகாரம்.

இந்த வலியை நான் அறிவேன். கல்யாணமான புதிதில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, உதவுகிறேன் என்று அலமாரியில் இருந்த பழைய வரவு செலவு நோட்டுகளைக் கட்டி எடைக்குப் போட்டேன். அதில் அட்டை கிழிந்த நீளமான நோட்டு ஒன்று. முன்பக்கம் பூராவும் வெறும் கணக்கு. கடைசி நான்கு பக்கங்களில், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எங்களைச் சுவரோடு நிற்கவைத்து நாடாவால் அளந்த உயரத்தை அம்மா பென்சிலில் எழுதிவைத்திருந்தார். தேதி, பெயரின் முதல் எழுத்து, அங்குலம். நான் முன்பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்தேன். அம்மா திட்டவில்லை. காலியான அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: இன்னொருவர் பொருளை நான் தூசி தட்டலாம், இடம் மாற்றக் கேட்கலாம், போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடாது. பிள்ளைகளின் உடைந்த பொம்மைக்கும் இது பொருந்தும்.

அப்படியென்றால் பரண் எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். முதலில் உங்கள் பொருளிலிருந்து தொடங்குங்கள். உங்கள் துணி, உங்கள் பை, உங்கள் இழுப்பறை. ஒரு நாளைக்கு ஓர் இழுப்பறை போதும். முழுப் பரணையும் ஒரே நாளில் இறக்கினால் மாலைக்குள் கண்ணும் கையும் சலித்து, எதை எடுத்தாலும் போடத் தோன்றும். அன்று உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பூட்டு இல்லாத சாவி, போன் போய்ச் சார்ஜர் மட்டும் மிஞ்சியது, தேதி முடிந்த மருந்து, இவற்றுக்கு யார் சம்மதமும் பெரிதாகத் தேவைப்படாது. திறந்து ஒரு மாதத்துக்கு மேலான கண் சொட்டு மருந்து இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பொதுச் சாமானுக்கும் மற்றவர்களின் சாமானுக்கும் ஒரு பெட்டி வையுங்கள். முடிவு தெரியாததை, உரியவர் கையாலேயே அதில் போடச் சொல்லி, மேலே தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவர்தான் திறக்க வேண்டும். "வேண்டும்" என்றால் வேண்டும்தான், வாதாட வேண்டாம். ஆனால் அதற்கு ஓர் இடத்தையும் அவரே சொல்லட்டும். இடம் கேட்டதுமே பாதிப் பொருளை மனிதர்கள் தாங்களாகவே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பரணில் மிஞ்சுவது இலேசானதாக இருக்கட்டும். கனமானது எல்லாம் இடுப்புக்குக் கீழே. மகளின் தோளுக்கு அதுதான் பாதுகாப்பு. புகைப்படங்களையும் கடை ரசீதுகளையும் மேலே ஏற்றாதீர்கள். ரசீதுகளில் பல, மையில் அச்சிடப்படுவதில்லை. சூட்டில் கருக்கும் பூச்சுள்ள தாள் அது, கூரைச் சூட்டில் எழுத்து அழிந்துவிடும். உத்தரவாதம் உள்ளதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரேடியோ, பொம்மை, டார்ச் எதை வைத்தாலும் பாட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள், கசிந்து உள்ளே அரித்துவிடும். உப்பிய போன் பாட்டரி கிடைத்தால் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம், தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கடைசியாக அந்தச் சிவப்பு ஏறிய சட்டைகள். சகோதரி, அதில் கணவரைவிட உங்கள் மேல்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். சாயம் ஏறியதும் உலர்த்தாமல், இஸ்திரி போடாமல், ஈரத்தோடு உடனே தனியாக மறுபடி துவைத்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். அதைச் சொல்லிக்கொடுத்து அவரையே செய்யவைத்திருக்கலாம். நீங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டீர்கள். திரும்பக் கொடுங்கள், முழு வேலையாகக் கொடுங்கள். "துணியைக் காயப்போடுங்கள்" என்பது ஒத்தாசை. நிறம் பிரிப்பதிலிருந்து மடித்து அலமாரியில் வைப்பது வரை அவருடையது என்பதுதான் பொறுப்பு. அவர் மடிப்பது உங்கள் மடிப்பு மாதிரி இருக்காது. நீங்கள் பின்னாலேயே போய்ப் பிரித்து மடிக்காதீர்கள், அன்றோடு அவர் விட்டுவிடுவார். மகனுக்கும் மகளுக்கும் வயதுக்கேற்ற ஒரு வேலையை இதே மாதிரி ஒப்படையுங்கள். மாமியாரிடம் வேலை கேட்பதற்கு முன், இந்தப் பெட்டிகளில் இருப்பது என்னென்ன என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத பாதிக் கதை அவரிடம்தான் இருக்கும்.

கடிகாரம் கிடைத்ததா என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.