கல்லுக்கு நீர் மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 43. மூன்றாவது முறையாகச் சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது. மறுபடி வராமல் இருக்க ஹைட்ரோகுளோரோதயசைடு எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். அது பிரஷருக்கான நீர் மாத்திரை என்கிறார்கள். எனக்குப் பிரஷர் இல்லை. நிறைய நீர் போனால் கல் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதற்காகவா? அப்படியானால் அம்மா சாப்பிடும் லாசிக்ஸையே நானும் போடலாமா?

பதில்: லாசிக்ஸைத் தொடவே வேண்டாம். இரண்டும் நீர் மாத்திரைதான், ஆனால் கல் விஷயத்தில் நேரெதிர். லாசிக்ஸ் சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும்; உங்கள் மாத்திரை சேர்ந்த தயசைடு வகை குறைக்கும். உங்கள் டாக்டர் எதிர்பார்ப்பது அந்தக் குறைவைத்தான், கல்லை அடித்துத் தள்ளுவதை அல்ல. தயசைடு உடலிலிருந்து கொஞ்சம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் உப்பிலுள்ள சோடியத்தை உள்ளே இழுக்கிறது. கூடவே கால்சியமும் ரத்தத்துக்குத் திரும்புகிறது.

ஆகவே, கால்சியம் கல் உள்ளவர்களுக்கு, அதிலும் சிறுநீரில் கால்சியம் அதிகம் போகிறவர்களுக்குத்தான் இதில் அர்த்தம் உண்டு. யூரிக் அமிலக் கல்லுக்கு இது மருந்தல்ல. வெளியே வந்த கல்லைப் பரிசோதித்தார்களா, 24 மணி நேரச் சிறுநீர் சேகரித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரத்தத்தில் கால்சியம் அளவும் தெரிய வேண்டும். அது ஏற்கெனவே கூடியிருந்தால், ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். அப்போது இந்த மாத்திரை அதை மேலும் ஏற்றிவிடும்.

2023-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வையும் சொல்ல வேண்டும். கால்சியம் கல் திரும்பத் திரும்ப வந்த 416 பேருக்கு இதே மருந்தை 12.5, 25, 50 மி.கி. அளவுகளிலும், சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் பிரித்துக் கொடுத்துச் சுமார் மூன்று ஆண்டு கவனித்தார்கள். கல் திரும்புவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பலர் இதோடு தயசைடைக் கைவிடலாம் என்றார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்த ஆய்வில் சிறுநீர்க் கால்சியம் அதிகமில்லாதவர்களும் இருந்தார்கள். சாப்பாட்டில் உப்பும் போதிய அளவு குறையவில்லை. ஆனால் கல் வந்த எல்லோருக்கும் இதை எழுதுவது சரியல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உப்புதான் இங்கே முக்கியம். சோடியம் சிறுநீரில் போகும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் வழக்கம்போல் ஓடினால் மாத்திரை தோற்றுவிடும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் நிறுத்துங்கள். பால், தயிரை மட்டும் ஒதுக்காதீர்கள். உணவிலுள்ள கால்சியம், கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். தண்ணீர், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்கு. வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாம், ஆனால் தண்ணீருக்குப் பதிலாக அல்ல.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பொட்டாசியம், சோடியம், கிரியாட்டினின், சர்க்கரை, யூரிக் அமிலம் பாருங்கள். பொட்டாசியம் இறங்கினால் கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டும் சிறுநீரில் குறையும். அதனால்தான் பலருக்குப் பொட்டாசியம் சிட்ரேட்டும் சேர்த்துத் தருகிறோம். கால் தளர்ச்சி, தலைசுற்றல், கால் கட்டைவிரல் மூட்டில் திடீர் வீக்கம் வந்தால் உடனே சொல்லுங்கள். வாந்தி, பேதி உள்ள நாட்களில் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.