பச்சை காட்டினால் இறங்கலாமா? நீர்நிலைகள் பற்றிய கேள்வி-பதில்

மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் தண்ணீர் பக்கம் திரும்பிவிடும். இம்முறை பாதிப் பேர் கேட்டிருப்பது ஒன்றையே: ஆறும் கடலும் இறங்க ஏற்றதா என்று போனில் ஆப் காட்டும் நிறத்தையும் மதிப்பெண்ணையும் நம்பலாமா?

ரொறன்ரோவில் இருக்கும் மகன் கயாக் ஓட்டப் போகுமுன் ஆற்றுக்கு என்ன நிறம் என்று போனில் பார்க்கிறான். பச்சை என்றால் போவான், சிவப்பு என்றால் வீட்டில் இருப்பான். தொண்டைமானாற்றுக்கும் அப்படி ஒன்று செய்ய முடியாதா? – வல்வெட்டித்துறை வாசகர்

செய்யலாம் ஐயா, ஆனால் அளக்க வேண்டியது வேறு. அங்கெல்லாம் ஆற்றங்கரையில் நீர்மட்ட மானி நிற்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் மானிகள் வழமையாக 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நீர்மட்டத்தைப் பதிகின்றன. அந்த மட்டத்தை வைத்து, செக்கனுக்கு எத்தனை கனஅடி ஓடுகிறது என்று கணிப்பார்கள். பிறகு, அந்த ஆற்றுத் துண்டை வருடக்கணக்காக ஓட்டியவர்கள் இரண்டு எல்லை போடுவார்கள்: இதற்குக் கீழே போனால் படகு கல்லில் தட்டும், இதற்கு மேலே போனால் ஆபத்து. மகன் பார்க்கும் நிறம் இந்த எல்லைகளிலிருந்து வருவது. பழகிய ஒருவர் தனக்குப் போட்ட பச்சை, நேற்றுத் துடுப்புப் பிடித்தவருக்கும் பச்சையாக இருக்க வேண்டும் என்றில்லை. அதை மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு. உண்மையில் அது கடலேரி. கடல் வாயில் உவர்நீர்த் தடுப்பணை இருக்கிறது. கதவு மூடியிருக்கும் காலத்தில் நீரோட்டம் என்று சொல்ல அதிகம் இல்லை, அதனால் கனஅடிக் கணக்கு அங்கே உதவாது. பார்க்க வேண்டியவை காற்றும் கதவும். புதிதாகப் பழகுபவருக்குக் காற்று மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டினால் திரும்பி வருவது பெரும்பாடு. பெருமழைக்குப் பிறகு கதவு திறந்திருந்தால், காற்றே இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் படகு விடக்கூடாது.

பேரப்பிள்ளைகளை ஆவணி விடுமுறையில் கசூரினாவுக்குக் கூட்டிப் போகிறேன். ஆப் 'அலை குறைவு, மிக நன்று' என்கிறது. காற்றடைத்த மிதவை கொண்டு போகலாமா? – காரைநகர் வாசகி

மிதவையை வீட்டில் விட்டுவிடுங்கள் அம்மா. கசூரினா வடக்கே பார்த்த கடற்கரை. ஆவணியில் அடிப்பது சோளகம், தென்மேற்குக் காற்று. அது தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கரையோரம் அலை எழும்பாது, தண்ணீர் தட்டையாகத் தெரியும். ஆப்பும் அலை உயரத்தைப் பார்த்துப் புள்ளி அள்ளிப் போடும். ஆனால் அதே காற்று மிதவையையும் அதில் இருக்கும் பிள்ளையையும் வெளியே கொண்டு போகும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் இது தலைகீழ்: அலை கரைக்கு வந்து மோதும், கடல் பயங்கரமாகத் தெரியும், எல்லாரும் தாங்களாகவே விலகி நிற்பார்கள். எனக்கென்னவோ அந்தச் சோளகத்து அமைதியில்தான் பயம் கூட.

ஆழம் குறைந்த அந்தக் கடலில் இடுப்பளவில் நின்று குளிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. இறங்குமுன் சொறிமுட்டை (ஜெலி மீன்) இருக்கிறதா என்று அங்கே நிற்கும் கடற்றொழிலாளரைக் கேளுங்கள். அது எந்த ஆப்பிலும் வராது. இன்னொன்று, உலக வானிலை மாதிரிகளில் ஒரு கட்டம் ஏறக்குறைய 9 முதல் 25 கிலோமீற்றர் அகலம். காரைநகர் முழுவதும் அதில் ஒரு மூலைக்குள் போய்விடும். நீங்கள் பார்த்த 'மிக நன்று' கசூரினாவில் யாரும் அளந்து சொன்னது அல்ல.

இரணைமடு 36 அடியைத் தொட்டு வான்கதவு திறந்தால் எங்கள் பெடியள் குளிக்க ஓடுகிறார்கள். எத்தனை அடியில் போனால் ஆபத்தில்லை? – பரந்தன் வாசகர்

அடிக்கணக்கு குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று சொல்கிறது. கீழே இறங்குபவரின் பாதுகாப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒரு கனமீற்றர் தண்ணீர் ஒரு தொன். வேகமாக ஓடினால் கணுக்கால் தாண்டிய அளவே, சுமார் 15 சென்ரிமீற்றர், வளர்ந்தவரைச் சரித்துவிடும். வான்கதவால் நீர் பாய்ந்து விழும் இடத்தில் நீர் திரும்பச் சுழன்று உள்ளே இழுக்கும், நீச்சல் தெரிந்தாலும் வெளியே வர விடாது. ஆகவே இதற்கு எந்த அடியும் இல்லை. பார்க்கட்டும், மேலே நின்று.

நண்பர்கள் சேர்ந்து கித்துல்கலவுக்கு வெள்ளைநீர்ப் படகோட்டம் போகிறோம். ஆற்று நிலையை யாழ்ப்பாணத்திலிருந்தே பார்க்க வழி உண்டா? – கோண்டாவில் வாசகர்

உண்டு. களனி கங்கையின் கித்துல்கல நிலையம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்டப் பட்டியலில் வருகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதை வெளியிடும். வாசிக்கும்போது அலகைக் கவனியுங்கள். கொழும்பு நாகலகம் வீதி அளவு அடியில் வந்திருக்கும், மேல்நிலையங்கள் மீற்றரில். அதைவிட முக்கியம்: அங்கே போட்டிருக்கும் எச்சரிக்கை மட்டம் வெள்ளம் வீடுகளை எட்டுவதை வைத்துப் போட்டது. அதற்குக் கீழே இருப்பதால் படகுக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை.

எண்ணை விட அது போகும் திசையைப் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று அறிக்கைகளிலும் மட்டம் ஏறிக்கொண்டே போனால், எண் சிறிதாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளி வையுங்கள். மேலே மலையில் பெய்த மழை வந்துகொண்டிருக்கிறது. அதோடு, அந்த ஆற்றின் மேற்பகுதியில் லக்சபான மின்நிலையத் தொகுதி இருக்கிறது. அங்கே நீர் விடும் நேரத்தைப் பொறுத்தும் ஆறு மாறும், மழையே இல்லாமல்கூட. அந்த நேரம் உள்ளூர் வழிகாட்டிகளுக்குத் தெரியும். வெள்ளைநீரின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள், அதில் கித்துல்கல சாதாரணமாக 2, 3 என்பார்கள். தண்ணீர் கூடினால் அதே இடம் அதே தரத்தில் நிற்காது. வைகாசி முதல் புரட்டாசி வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. நமக்கு இங்கே வெயில் கொளுத்துவதை வைத்து அங்கத்தைய ஆற்றைக் கணிக்க வேண்டாம்.

மழை விட்ட மறுநாள் கடலேரியில் குளித்தால் என்ன? – நாவாந்துறை வாசகர்

இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். முதல் மழை வீதி, வாய்க்கால், மலக்குழி எல்லாவற்றையும் கழுவிக் கொண்டு வரும். கிருமி அளவு போன் திரையில் உடனே வராது. ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கக் குறைந்தது ஒரு நாள் போகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டு போனது நினைவிருக்கும். காலில் காயம் இருந்தால் வெள்ளத்தில் இறங்கவே வேண்டாம்.

நிலாவரைக் கிணற்றில் நீர்மட்டம் பெரிதாக மாறுவதில்லையே, அப்படியென்றால் நீந்தலாம்தானே? – புத்தூர் மாணவர்

இல்லை தம்பி. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர், சுற்றிலும் சுண்ணாம்புக்கல். நடுவில் கால் வைக்க இடமில்லாத ஆழம்.

வழுக்கையாற்றில் மழைக்காலத்தில் கயாக் விட ஆசை. – அளவெட்டி வாசகர்

ஆசை நல்லது. ஓடுவது மாரியில் மட்டும்தான், அதுவும் தோட்டத்து மருந்தையும் உரத்தையும் கழுவிக்கொண்டு. மதகுகளுக்குள் நீர் உறிஞ்சி இழுக்கும் இடங்கள்தான் பெரிய ஆபத்து. முதலில் இந்த மாரியில் ஒரு வேலை செய்யுங்கள்: கரையில் நின்றபடி எட்டிப் பார்க்கக்கூடிய பாலத் தூண் ஒன்றில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளவையும் அன்றைய மழையையும் கொப்பியில் எழுதுங்கள். மழை விட்டு எத்தனை மணி நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது தெரிந்த பிறகு கொப்பியோடு எழுதுங்கள், எல்லைக்கோடு எங்கே போடலாம் என்று பார்ப்போம்.