கொழும்பில் பயோசிமிலர் வியாபாரம்: விலையைக் குறைத்தால் போதுமா?

தம்பி, ஐதராபாத் கம்பெனி உங்களைக் கொழும்புக்கு அனுப்புகிறது; டிராஸ்டுசுமாப், ரிட்டுக்சிமாப் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளின் பயோசிமிலர்களை (மூல உயிரியல் மருந்தை ஒத்த நகல்களை) மற்றவர்களைவிட மலிவாகக் கொடுத்தால் சந்தையைப் பிடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மலிவு வேண்டும்தான். ஆனால் இங்கே பலர் சறுக்குவது விலையில் இல்லை.

அரச ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். மகரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி போன்றவற்றின் தேவையை மருத்துவ வழங்கல் பிரிவு கணக்கிடும். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் டெண்டர் போட்டு வாங்கும். டெண்டர் 50 லட்சம் இலங்கை ரூபாயைத் தாண்டினால் 1987ஆம் ஆண்டின் பொது ஒப்பந்தச் சட்டப்படியும் பதிய வேண்டும். இதை மறந்து ஏலமனுவையே இழக்கிறார்கள்.

மருந்துப் பதிவு என்.எம்.ஆர்.ஏ. என்ற தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில், உள்ளூர் ஏஜென்ட் வழியாக. ஏஜென்ட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். சொந்தமாக 2–8 டிகிரி குளிர் அறையும் ஜெனரேட்டரும் வைத்திருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். பிரிய நேர்ந்தால், பதிவை வேறு ஏஜென்டுக்கு மாற்ற ஆட்சேபனையில்லாக் கடிதம் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆயுட்காலக் கணக்கு. மருந்து இங்கே வந்திறங்கும்போது 85 சதவீத ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. 24 மாத மருந்தென்றால், தயாரித்த நாளிலிருந்து இங்கே இறக்குவதற்கு உங்கள் கையில் இருப்பது சுமார் மூன்றரை மாதம். கிருமி இல்லை என்று உறுதிசெய்யும் ஸ்டெரிலிட்டி சோதனைக்கே 14 நாள் போய்விடும். பெட்டியில் இலங்கை அரச இலச்சினையும் மருத்துவ வழங்கல் பிரிவின் மருந்துக் குறியீடான எஸ்.ஆர். இலக்கமும் அச்சடிப்பதால், தாமதமான சரக்கை வேறு நாட்டுக்குத் திருப்பவும் முடியாது. ஆகவே டெண்டர் விலை போடும்முன் தொழிற்சாலையில் பேட்ச் தயாராகும் தேதியை உறுதிசெய்யுங்கள்.

விமானத்தை வாரத் தொடக்கத்தில் போடுங்கள், போயா நாளை (பௌர்ணமி விடுமுறையை)ப் பார்த்துக்கொண்டு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெள்ளிக்கிழமை இறங்கிய பெட்டி, திங்கள் போயா என்றால் செவ்வாய்வரை காத்திருக்கலாம். ஐஸ் பேக்கை ஒட்டி வைத்த மருந்துக் குப்பியும் ஆபத்து. உறைந்தால் மருந்திலுள்ள புரதம் திரளும், வெளிப்பார்வைக்குத் தெரியாமலும் போகலாம். ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பநிலையைப் பதியும் டேட்டா லாகர் வையுங்கள்.

2022 டாலர் தட்டுப்பாட்டுக் காலத்தில் பதிவில்லாமலே மருந்து இறக்க விலக்கு கொடுத்தார்கள். அடுத்த வருடம் தரமற்ற இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத ஊசிமருந்து ஆஸ்பத்திரிகளுக்குள் போய், வழக்கு அமைச்சர்வரை எட்டியது. அந்தக் குறுக்குவழியை யார் காட்டினாலும் போகாதீர்கள், தம்பி; ஊசி ஏறுவது நோயாளியின் உடம்பில்.

வீடு வெள்ளவத்தையில் பாருங்கள். தமிழிலேயே காலம் தள்ளலாம், கூட்டுத்தாபனம் இருக்கும் நாரஹேன்பிட்டவும் கிட்ட. களஞ்சியப் பொறுப்பாளர்களிடம் பேசும் அளவுக்குச் சிங்களம் மட்டும் முதல் மாதமே தொடங்கிவிடுங்கள்.