சிக்னல் போனாலும் சிட்டை எழுத வேண்டும்: வியாபாரச் செயலி கேள்வி பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் நெல், பால், மீன், கடைக் கணக்குகளுக்குச் செயலி எழுதுபவர்களும் அதைப் பாவிப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே நிரலை அன்ட்ரொயிட், ஐபோன், கடை மேசைக் கணினி மூன்றிலும் ஓடவிடும் இணையச் செயலி பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கிளிநொச்சி, நிரல் எழுதுபவர்: அண்ணா, நெல் வாங்கிற ஒராள் அப் ஒண்டு செய்து தரக் கேக்கிறார். அன்ட்ரொயிட்டுக்கு ஒண்டு, ஐபோனுக்கு ஒண்டு, கணினிக்கு ஒண்டு எண்டு எழுத ஆளும் இல்லை, காசும் இல்லை. வெப்பிலயே செய்தாச் சரிவருமோ?

சரிவரும் தம்பி. படிவம் நிரப்புவது, பட்டியல் பார்ப்பது, படம் எடுப்பது, சிட்டை காட்டுவது எல்லாவற்றுக்கும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போதும். தேவை மூன்று: எச்டிடிபிஎஸ் (மறைகுறியாக்கிய பாதுகாப்பான) முகவரி; பெயர், ஆரம்ப முகவரி, 192, 512 பிக்சல் ஐகன்கள் உள்ள மேனிஃபெஸ்ட் கோப்பு; இணையம் இல்லாதபோதும் பக்கங்களை எடுத்துக்கொடுக்கும் சேர்விஸ் வேர்க்கர்.

பெரும்பாலானவர்கள் மாட்டுப்படுவது எச்டிடிபிஎஸ் இல்லாமல் சோதிக்கும்போது. உங்கள் கணினியில் லோக்கல்ஹோஸ்ட் (கணினி தன்னையே குறிக்கும்) முகவரியில் எல்லாம் ஓடும். அதே வைஃபையில் உள்ள போனில் 192.168 என்று தொடங்கும் முகவரியைத் திறந்தால் சேர்விஸ் வேர்க்கர் பதிவே ஆகாது. போனை யூஎஸ்பி கம்பியில் கொழுவி, குரோமின் போர்ட் ஃபோர்வர்டிங் (போனில் கேட்பதைக் கணினிக்குத் திருப்பும் வசதி) மூலம் போனிலும் லோக்கல்ஹோஸ்டாகவே திறவுங்கள்.

செயலிக் கடைகளில் போட வேண்டுமென்றால் கூகுள் பிளேக்கு ஒரு தடவை 25 டொலர், ஆப்பிளுக்கு வருடம் 99 டொலர். இணையச் செயலிக்கு இரண்டும் வேண்டாம்.

ஒட்டுசுட்டான், நெல் கொள்வனவு: வயல் பக்கம் சிக்னல் வந்து வந்து போகுது. பொடியள் சிட்டையை எழுதி ‘சேமி’யை அமத்தினா வட்டம் சுத்திக்கொண்டே நிக்குது. மூண்டு தரம் அமத்துறாங்கள். பிறகு பாத்தா ஒரே லோட் மூண்டு தரம் பதிஞ்சு கிடக்கு. சிலவேளை ஒண்டுமே இல்லை.

ஐயா, இந்த இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான்: உங்கள் செயலி சேர்வரிடம் கேட்டுவிட்டுத்தான் ‘சேமித்தேன்’ என்கிறது. வன்னியில் ஓடும் செயலி பதிவை முதலில் போனில் எழுத வேண்டும். அனுப்புவது அதற்குப் பிறகு நடக்கிற வேறு வேலை. எழுதுபவரிடம் இதைக் காட்டுங்கள்.

பதிவு உருவாகும் கணமே போனில் ஒரு யூயூஐடி (வேறு எந்தப் பதிவுக்கும் வராத அடையாள எண்) கொடுக்க வேண்டும். அதோடு பதிவை இண்டெக்ஸ்டுடிபியில் (உலாவிக்குள் உள்ள தரவுக் களஞ்சியம்) எழுதி, அதே டிரான்ஸாக்ஷனுக்குள் (எல்லாம் எழுதப்படும், அல்லது ஒன்றும் எழுதப்படாது என்ற ஒரே தொகுப்பு) ‘அனுப்ப வேண்டியவை’ பட்டியலிலும் சேர்க்க வேண்டும். டிரான்ஸாக்ஷன் முடிந்தது என்ற செய்தி வந்த பிறகுதான் திரையில் பச்சை அடையாளம். உலாவியின் சிறு சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜில் வைக்கக் கூடாது. 5 எம்பி அளவில் நிரம்பிவிடும், எழுதும்போது திரையும் நின்றுபோகும். இண்டெக்ஸ்டுடிபி டிரான்ஸாக்ஷனுக்கு நடுவில் சேர்வர் பதிலுக்குக் காத்திருந்தால் அந்த டிரான்ஸாக்ஷன் தானே மூடிக்கொள்ளும். அடுத்த வரி பிழை தரும்.

ஒரு லோட் மூன்றாகப் பதிவது எப்படியென்றால், முதல் தடவையே சேர்வர் எழுதிவிட்டது, அதன் பதில்தான் வழியில் அறுந்தது. போன் பக்கம் பார்த்தால் அது தோல்வி, ஆகவே திரும்ப அனுப்புகிறது. யூயூஐடிக்கு சேர்வரின் அட்டவணையில் தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு தரம் பதிய விடாதது) போட்டு, ஏற்கெனவே உள்ளது வந்தால் பிழை சொல்லாமல் ‘கிடைத்தது’ என்றே பதில் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு பத்துத் தரம் அனுப்பினாலும் ஒன்றுதான்.

போன் ‘இணையம் உண்டு’ என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் அப்படித்தான் சொல்லும். 10 செக்கனில் பதில் வராவிட்டால் வெட்டிவிட்டு, 5 செக்கன், 15 செக்கன், 1 நிமிடம், 5 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டி முயல வேண்டும். ஒரு தடவைக்கு 50 பதிவு போதும். சேர்வர் ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன யூயூஐடிகளை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். சேர்வர் மறுக்கும் பிழையான பதிவைத் தனிப் பெட்டியில் ஒதுக்காவிட்டால், அது வரிசையின் முன்னால் நின்று பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறித்துவிடும்.

மிகக் கெட்ட பிழை ஒன்று உண்டு: லொகின் காலாவதியானதும் போனில் உள்ள தரவு முழுவதையும் அழிக்கும் நிரல். அனுப்பாத சிட்டைகளும் அதோடு போய்விடும். லொகினைப் புதுப்பிக்கக் கேட்கலாம், பட்டியலைத் தொடக் கூடாது. திரையின் மேலே ‘அனுப்பாதவை: 7’ என்ற எண் எப்போதும் தெரிய வேண்டும். போனை எப்போது வீதிப்பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று பொடியன்களுக்கு அதுதான் சொல்லும்.

அதே கொள்வனவாளர்: இரண்டு போனில இரண்டு பேர் ஒரே கமக்காரரின்ர கணக்கை மாத்தினா?

‘மீதி’ என்ற எண்ணை எந்தப் போனும் எழுதக் கூடாது. வரவு, கொடுப்பனவு வரிகளை மட்டும் சேர்க்கட்டும். மீதி எப்போதும் கூட்டி எடுப்பது. பிழையாக எழுதியதை அழிக்காமல் எதிர்ப்பதிவு போடுங்கள். கணக்குக் கொப்பியில் வெட்டி எழுதினாலும் பழையது தெரியும் அல்லவா, அதே முறை.

மாங்குளம், பால் சேகரிப்பு: அண்ணா, விடிய ஊத்திற பாலில கொஞ்சம் முதல் நாள் கணக்கில விழுது. எல்லாருக்கும் இல்லை, சிலபேருக்குத்தான். ஏன் எண்டு விளங்கேல்ல.

அந்தச் சிலபேர் காலை 5.30க்கு முன்னர் ஊற்றியவர்களா என்று பாருங்கள் தங்கச்சி. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தை விட 5 மணி 30 நிமிடம் முன்னே. மார்ச் 12 காலை 4.50க்கு ஊற்றிய பால் பொது நேரத்தில் மார்ச் 11 இரவு 11.20. ஜாவாஸ்கிரிப்டின் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் தருவது பொது நேரம். அதன் முதல் பத்து எழுத்தை வெட்டித் திகதியாக வைத்திருப்பார்கள். 5.31க்கு ஊற்றியவருக்குச் சரியாக விழும்; அதனால்தான் இது நாள்கணக்கில் பிடிபடுவதில்லை.

நேர வலயத்தை ஏசியா/கொழும்பு என்று கொடுத்துத் திகதியைக் கணித்து, அதைத் தனிப் புலமாக வையுங்கள். காலை, மாலை என்பதையும் மணியிலிருந்து ஊகிக்காமல் தனியாகக் கேளுங்கள். பொது நேரமும் சேமித்திருந்தால் பழைய பதிவுகளை அதிலிருந்து திருத்திவிடலாம். சில போன்களில் மணிக்கூடே பிழையாக இருக்கும். சேர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் எழுதிவையுங்கள்.

பரந்தன், ஆலை: ஈரப்பதன் கழிச்சு நிறை போடேக்க சதக் கணக்கு இடிக்குது.

தசம எண்ணில் காசைக் கூட்டாதீர்கள். 0.1உம் 0.2உம் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்டில் சரியாக 0.3 வராது. நிறையைக் கிராமிலும் விலையைச் சதத்திலும் முழு எண்ணாக வைத்து, நிறையையும் காசையும் தத்தம் கணக்கின் கடைசியில் ஒரே ஒரு தடவை கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றுங்கள்.

சாக்கு நிறை கழித்த பின் 1,000 கிலோ, ஈரப்பதன் 18%, அடிப்படை 14% என்று எடுப்போம். 1,000 × 82 ÷ 86 = 953.488 கிலோ. கிலோ 120 ரூபா 50 சதம் என்றால் 953488 × 12050 ÷ 1000. கிட்டிய சதத்துக்கு 11489530, அதாவது 114,895 ரூபா 30 சதம். 100இலிருந்து 4ஐ நேரடியாகக் கழித்து 960 கிலோ என்று போடுவது வேறு கணக்கு. எந்த முறை என்பதைக் கமக்காரருக்கு முதலே சொல்லி, சிட்டையிலும் அச்சிடுங்கள். சண்டை வருவது இந்த ஆறரைக் கிலோவில்தான்.

புதுக்குடியிருப்பு, கடை: சின்ன புளூடூத் பிரிண்டரில தமிழ் எல்லாம் கேள்விக்குறியாத்தான் வருது. இன்னொரு பிரிண்டர் பட்டியலிலயே காட்டுதில்லை.

அந்தப் பிரிண்டர்களின் எழுத்து அட்டவணையில் தமிழ் இல்லை. தமிழைப் படமாகத்தான் அனுப்ப வேண்டும். 58 மில்லிமீற்றர் தாளில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீற்றர், 384 புள்ளி. 384 பிக்சல் அகலக் கன்வஸில் (நிரலால் படம் வரையும் பரப்பு) சிட்டையை வரைந்து, கறுப்பு வெள்ளையாக்கி, வரிக்கு 48 பைட்டாகப் பொதியுங்கள். எழுத்துருவை ஏற்றி முடிக்கும்வரை காத்திருந்து வரையுங்கள். இல்லாவிட்டால் முதல் சிட்டை வேறு எழுத்துருவில் வரும். மெல்லிய எழுத்துரு வேண்டாம். கறுப்பு வெள்ளையாக்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘பால்’ என்பது ‘பால’ என்று விழும். நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவத்தை 26 பிக்சலில் போட்டால் புள்ளி நிற்கும்.

600 வரி உயரச் சிட்டை 28,800 பைட். 20 பைட் துண்டுகளாக, 20 மில்லிசெக்கன் இடைவெளியில் அனுப்பினால் 1,440 துண்டு, கிட்டத்தட்ட 29 செக்கன். பிரிண்டர் 180 பைட் ஏற்றுக்கொண்டால் கிட்டத்தட்ட 3 செக்கனில் முடியும். இடைவெளி இல்லாமல் தள்ளினால் நடுவில் வரிகள் விடுபட்டுக் குப்பையாக அச்சாகும்.

பட்டியலில் வராத பிரிண்டர் பழைய வகைப் புளூடூத்தாக இருக்கும். குரோமின் வெப் புளூடூத் பேசுவது குறைமின் புளூடூத்தோடு மட்டும். அந்தப் பிரிண்டர்தான் வேண்டுமென்றால் இதே நிரலைக் கப்பாசிற்றரில் (இணைய நிரலைப் போன் செயலியாகப் பொதியும் கருவி) பொதிந்து அன்ட்ரொயிட் செயலியாக்குங்கள். ஐபோன் சபாரியில் வெப் புளூடூத்தே இல்லை. வெப்பத்தாள் வெயிலில் கறுக்கும், நாளாக மங்கும். சிட்டையின் பிரதி செயலியிலும் இருக்கட்டும்.

வவுனியா, கூட்டுறவுச் சங்கம்: பழைய அங்கத்தவர் பட்டியல் எக்செலில பாமினியில கிடக்கு. மாத்தினாப் பிறகும் பெயர் தேடேக்க வருதில்லை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள்; எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. எக்செல் தாளில் பாமினி எழுத்துரு உள்ள நெடுவரிசைகளை மட்டும் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். முழுத் தாளையும் மாற்றினால் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி ‘வி’ எழுத்து ‘ஏ’ ஆகிவிடும். பாமினியில் காற்புள்ளிதான் ‘இ’. சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த கோப்பாக) சேமித்துக் காற்புள்ளியில் வெட்டும் நிரல் ‘இராசையா’வை இரண்டு பெட்டியாகப் பிளக்கும். எக்செல் கோப்பையே நேராக வாசிக்கும் நூலகத்தைப் பாவியுங்கள்.

தேடல் வராததற்குக் காரணம், ‘கொ’ இரண்டு விதமாக எழுதப்படுவது: ஒரே உயிர்க்குறியாக, அல்லது கொம்பும் காலுமாகப் பிரித்து. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் நோர்மலைஸ் செய்து என்எஃப்சி எனும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘கௌரி’யைச் சிலர் கொம்போடு ‘ள’ போட்டு எழுதியிருப்பார்கள். அதை நோர்மலைஸ் திருத்தாது. தேடலுக்கென்று தனிப் புலம் வைத்து, அதில் இரண்டையும் ஒன்றாக்குங்கள். மூலப் பெயரில் கைவைத்தால் கெளிறு மீனும் பிழையாகிவிடும். வரிசைப்படுத்த ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் கொலேட்டரை (Intl.Collator) தமிழுக்கு வையுங்கள். யூனிகோட் எண் வரிசையில் ‘ன’, ‘ந’வுக்கு அடுத்து வந்து நிற்கும்.

ஒரே ஆள் இரண்டு தரம் பதிந்திருந்தால் அடையாள அட்டையைப் பாருங்கள். பழைய 9 இலக்கத்தில் முதல் 5க்கு முன்னால் 19, அதன்பின் ஒரு 0, பிறகு மிகுதி 4: புதிய 12 இலக்கம். இரண்டையும் 12 இலக்கமாக்கி ஒப்பிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. தேவையில்லாதவருக்கு இந்த இலக்கம் திரையில் தெரியக் கூடாது.

முல்லைத்தீவு, மீன் கொள்வனவு: எங்களிட்ட இரண்டு பேரிட்ட ஐபோன். அதில ஏதும் வித்தியாசமோ?

சபாரியில் ‘முகப்புத் திரையில் சேர்’ கொடுத்த பிறகே லொகின் செய்து வேலையைத் தொடங்குங்கள். வெறும் சபாரிப் பக்கமாக ஓட்டினால், சபாரியைப் பாவித்த 7 நாட்களில் அந்தப் பக்கத்தை ஒரு தடவையும் தொடாவிட்டால் அதன் தரவு அழிக்கப்படும். பின்னணியில் தானாக அனுப்பும் வசதி ஐபோனில் இல்லை. செயலியைத் திறந்தால்தான் போகும். உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் தொட்டவுடன் திரை பெரிதாகிக் குழப்பும்.

கிளிநொச்சி, நிரல் எழுதுபவர்: காலபோக அறுவடைக்கு முதல் என்னத்தைச் சோதிக்க வேணும் அண்ணா?

விமானப் பயன்முறையில் 200 சிட்டை எழுதி, போனை அணைத்துப் போட்டு, பிறகு இணையத்தைத் திறவுங்கள். சேர்வரில் சரியாக 200 இருக்க வேண்டும். அனுப்பிக்கொண்டிருக்கும்போது டேட்டாவை நிறுத்தி நிறுத்தித் திறந்தும் அதே 200தான் வர வேண்டும். மத்தியான வெயிலில் திரையைப் பாருங்கள். சாம்பல் நிற எழுத்து ஒன்றும் தெரியாது. ஈரக் கையால் பொத்தான்களை அமர்த்திப் பாருங்கள், 48 பிக்சலுக்குக் குறைந்தது தவறும்.

புதிய பதிப்பு ஏற்றிப் பார்ப்பதையும் விடாதீர்கள். பழைய பக்கம் திறந்திருக்கும்வரை புதிய சேர்விஸ் வேர்க்கர் காத்திருக்கும். ‘புதிய பதிப்பு உண்டு, மாற்றவா?’ என்ற பொத்தானை, அனுப்பாதவை பூச்சியமாக இருக்கும்போது காட்டுங்கள். அறுவடை தொடங்கிய பின் தரவு அமைப்பை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய பதிப்பில் எழுதிய சிட்டையையும் ஏற்கும்படி முதலில் சேர்வரை மாற்றுங்கள், போன்களைப் பிறகு.