கர்ப்பமாக இருக்கும்போது யூடியூப் பார்த்து வீட்டிலேயே யோகா செய்யலாமா?

செய்யலாம். நான் செய்தேன். நான்காம் மாதக் கடைசியில் ஆரம்பித்து 38-ஆவது வாரம் வரைக்கும், திருச்சியில் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே கிடைத்த ஆறடி இடத்தில்.

ஐந்தாம் மாதம், முதல் குழந்தை, இதற்கு முன் யோகா பழக்கமில்லை, வகுப்புக்குப் போய்வர வசதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் கிட்டத்தட்ட அதே கதைதான். பள்ளியில் பி.டி. டீச்சர் சொல்லிக்கொடுத்த நாலு ஆசனம் தவிர ஒன்றும் தெரியாது. நான் டாக்டரும் இல்லை. பட்டது, கேட்டது, டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கியது, இவ்வளவுதான் என் தகுதி.

"டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்று எல்லாரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்வதில்லை. முதல் தடவை நான் "யோகா பண்ணலாமா மேடம்?" என்றேன். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பி.பி. பார்த்தபடியே "ம், பண்ணுங்க, நல்லதுதான்" என்று அனுப்பிவிட்டார். அது ஒரு பதிலே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்த மாதம், செய்ய நினைத்திருந்த ஆசனங்களை ஒரு தாளில் எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சேர்த்து நீட்டினேன். இந்தத் தடவை நிதானமாகப் படித்தார். 20-ஆவது வார ஸ்கேனில் எனக்கு நஞ்சு (குழந்தைக்கு ரத்தம் போகும் பிளசென்டா) கொஞ்சம் கீழே இருந்தது. குந்தி உட்காரும் மலாசனத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, "இது இப்ப வேணாம்மா. அடுத்த ஸ்கேன்ல மேல ஏறிடுச்சான்னு பார்த்துக்கிட்டு அப்புறம் பண்ணலாம்" என்றார். (32-ஆவது வாரத்தில் ஏறியிருந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஏறிவிடும், பயப்படாதீர்கள்.)

நீங்களும் அப்படியே தாளோடு போங்கள். நஞ்சு எங்கே இருக்கிறது, கர்ப்பப்பை வாயின் நீளம் சரியாக இருக்கிறதா, பி.பி. எப்படி, ஹீமோகுளோபின் எவ்வளவு, இந்த நாலையும் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தால், ரத்தக் கசிவு இருந்தால், பி.பி. ஏறியிருந்தால், ரத்தசோகை கடுமையாக இருந்தால் இந்தப் பதிலை இங்கேயே மூடிவிட்டு டாக்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

இனி யூடியூப். எனக்கு அது 24-ஆவது வாரம். பெண்களுக்கான எளிய யோகா என்று ஒரு வீடியோ. கர்ப்பிணிகளுக்கென்று எடுத்தது இல்லை, ஆனால் எல்லாம் லேசாகத்தான் தெரிந்தது. கடைசியில் சவாசனம், மல்லாந்து படுத்துப் பத்து நிமிடம். படுத்தேன். மூன்றாவது நிமிடமோ நாலாவது நிமிடமோ, மேல் உதட்டில் வியர்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, எதற்கு வியர்க்கிறது என்று நினைக்கும்போதே காதுக்குள் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் கேட்குமே, அப்படி ஓர் இரைச்சல். வயிற்றைப் புரட்டியது. வீடியோவில் அந்த அம்மா "உடல் காற்றைப் போல லேசாகிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சமையலறையிலிருந்து காபி டம்ளரோடு வந்த அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டிம்மா இப்படி வெளுத்துப்போய்க் கிடக்கே? ஒருக்களிச்சுப் படு!" என்று தோளைப் பிடித்து இடது பக்கம் திருப்பிவிட்டார். ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

அத்தைக்குக் காரணம் தெரியாது, பிள்ளைத்தாச்சி மல்லாக்கப் படுக்கக் கூடாது என்று மட்டும் தெரியும். காரணத்தை டாக்டரம்மா சொன்னார், திட்டோடு சேர்த்து. கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய் முதுகெலும்பை ஒட்டி வலது பக்கமாக ஏறுகிறது. ஐந்தாம் மாதத்துக்கு மேல் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம் அதன் மேல் விழுந்து அமுக்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து தலை சுற்றுகிறது, குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். அதனால்தான் இடது பக்கம். அன்றிலிருந்து என் சவாசனம் ஒருக்களித்துத்தான், முழங்கால்களுக்கு நடுவே ஓர் இலவம்பஞ்சுத் தலையணையோடு.

வீடியோக்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் முகம் வெளுப்பது திரைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள், கூப்பிடு தூரத்தில் யாராவது இருக்கட்டும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறையாவது தெரிந்த ஒருவர் கண்முன்னால் செய்துகாட்டுவது இன்னும் நல்லது. பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை வருடப் படிப்பு படித்த டாக்டர்கள், சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென்றே அரசுக் கல்லூரி இருக்கிறது. எனக்கு ஏழாம் மாதத்தில்தான் தெரியவந்தது. இரண்டு தடவை போனேன், பைசா செலவில்லை.

நான் செய்தது மொத்தம் இருபத்தைந்து நிமிடம். காலையில் குமட்டல் விடாது என்பதால் சாயங்காலம் ஐந்து மணிக்கு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. மொசைக் தரையில் கோரைப்பாய் வழுக்கும், ஒருமுறை கால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டபிறகுதான் பிடிமானம் வந்தது. யோகா மேட் இருந்தால் பிரச்சினையே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து நிற்பதென்றால் அதைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பூனை ஆசனம். நாலு காலில் நின்று, மூச்சை விட்டபடி முதுகை மேலே வளைத்து, மூச்சை இழுத்தபடி பழைய நிலைக்கு வருவது. படத்தில் காட்டுகிற மாதிரி வயிற்றைக் கீழே தொங்கவிட வேண்டாம், முதுகு நேரானால் போதும். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வந்த இடுப்பு வலிக்கு இதைப்போல் கேட்டது வேறெதுவும் இல்லை. அப்புறம் சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது, ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுப்பது எனக்கு அதில்தான் குறைந்தது. கடைசியாக நாடி சுத்தி, அதாவது இரண்டு மூக்குத் துவாரங்களிலும் மாற்றி மாற்றி மூச்சு விடுவது, மூச்சை அடக்காமல்.

மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகா, மூச்சை அடக்கி வைக்கும் கும்பகம் மூன்றும் பிரசவம் முடியும்வரை வேண்டாம். குப்புறப் படுத்துச் செய்வது, தலைகீழாக நிற்பது, வயிற்றைப் பிழிகிற மாதிரி திரும்புவது, இதெல்லாம் சொல்லாமலே தெரியும். மே மாதத்து மொட்டைமாடி வெயிலும் வேண்டாம், உடம்பு சூடேறக் கூடாது. நடுவில் தலைசுற்றல், நெஞ்சுவலி, விடாத தலைவலி, ரத்தம், பனிக்குடத் தண்ணீர் கசிவது, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், வயிறு விட்டுவிட்டு இறுகுவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பட்டாம்பூச்சி ஆசனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கால்களைச் சேர்த்துவைத்து முழங்கால்களை விரிப்பது. "தினம் நூறு தடவை பண்ணு, சுகப்பிரசவம்தான்" என்று எங்கள் தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஏழாம் மாதம் ஒருநாள் என் முழங்கால்கள் இரண்டும் தரையைத் தொட்டன. பெருமை தாங்கவில்லை, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை, அடிவயிற்றுக்குக் கீழே எலும்பில் சுரீர் என்று வலி. ஸ்கூட்டியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. கர்ப்ப காலத்தில் ரிலாக்சின் என்ற ஹார்மோன் மூட்டுகளைக் கட்டியிருக்கும் தசைநார்களைத் தளர்த்திவிடுகிறது. முன்பு வளையாததெல்லாம் வளையும். அது நம் திறமை இல்லை, அங்கேதான் ஏமாந்துபோகிறோம். பத்து நாள் அந்த ஆசனத்தையே விட்டேன். பிறகு சுவரில் சாய்ந்து, தொடைக்கடியில் தலையணை வைத்து, விரிகிற அளவில் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

யோகா செய்தால் நடக்க வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். பிரச்சினை இல்லாத கர்ப்பிணிகளுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மெதுவாகச் செய்யும் ஆசனம் மட்டும் அதற்குக் கட்டாது.

சரி, சுகப்பிரசவம் ஆனதா? இல்லை. பதினாலு மணி நேரம் வலி எடுத்தபிறகு குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க ஆரம்பித்தது, சிசேரியன். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா "யோகா எல்லாம் பண்ணியுமா?" என்று கேட்டார். இரண்டு நாள் அழுதேன். யோகா செய்தால் நார்மல் டெலிவரி நிச்சயம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள், அந்த நம்பிக்கையோடு ஆரம்பிக்கவும் செய்யாதீர்கள். இடுப்பு வலி குறையும், தூக்கம் வரும். எனக்கு இன்னொன்றும் கிடைத்தது. ஆபரேஷன் தியேட்டரில் முதுகில் ஊசி போட உட்காரவைத்தார்கள். வலியோடு குனிய முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தேன். மயக்க மருந்து டாக்டர், "முதுகை வெளிய தள்ளி வளைங்கம்மா, பூனை மாதிரி" என்றார். மூச்சை விட்டேன், முதுகு தானாக வளைந்தது. "அப்படியே, அப்படியே இருங்க" என்றார்.