பேன் மருந்து கேட்கிறதா? தண்ணீர் அடித்த மரத்தைப் பாருங்கள்

கேள்வி: எலுமிச்சங்காய்த் தோலெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி ஆயிடுதுங்க. கடையில குடுத்த ரெண்டு மருந்தை மாத்தி மாத்தி அடிச்சும் காய் தெளியலை. எது கேக்குதுன்னு தோட்டத்துலயே சோதிக்க முடியுங்களா? (வாசகர், தாராபுரம்)

பதில்: முடியும். ஆனால் காயின் நிறத்தைப் பார்த்து மருந்தை எடை போடாதீர்கள். இந்தத் துரு நிறம், துருப்பேன் என்னும் மிக நுண்ணிய உயிரி தோலைச் சுரண்டுவதால் வருவது. அது சுரண்டிய தோல் திரும்பத் தெளியாது. பேன் முழுக்கச் செத்தாலும் அந்தக் காய் அப்படியேதான் பழுக்கும். உயிரோடு இருக்கும் பேனைத்தான் எண்ண வேண்டும். மஞ்சளாக, ஆப்பு வடிவில், ஒரு மில்லிமீட்டரில் ஏழெட்டில் ஒரு பங்குதான் இருக்கும். 20 மடங்கு லென்ஸ் வாங்குங்கள்.

ஒரே வயதுள்ள 12 மரங்களை மும்மூன்றாக நான்கு தொகுதியாக்குங்கள். தொகுதிக்கு ஒரு மரம் முதல் மருந்து, ஒன்று இரண்டாவது, ஒன்று வெறும் தண்ணீர். எதற்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நடுவில் ஒரு மரமாவது விடுங்கள். ஆடிக் காற்றில் சாரல் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிப்பதற்கு முதல் நாளும், பிறகு 3, 7, 14, 21ஆம் நாளும் மரத்தின் நான்கு பக்கமும் காய் பார்த்து, காய்க்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் எண்ணுங்கள். வெயில் நேரே விழும் முகத்தில் பேன் குறைவு. அதன் ஓரத்தில் பாருங்கள்.

தண்ணீர் மரம் வீண் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கோளாறே அங்கேதான். மருந்து மரத்தில் 20 பேன் 4 ஆனால் 80 சதவீதம் கேட்டது போலத் தெரியும். நடுவில் மழை பெய்து, தண்ணீர் மரத்திலும் 20 பேன் 5 ஆகியிருந்தால்? மருந்து அடிக்காமலே 5 ஆகியிருக்கும்; மருந்தின் பங்கு அதில் ஒன்று, அதாவது 20 சதவீதம்தான்.

நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) சோதித்தால் லிட்டருக்கு 2 கிராம். சித்திரை வெயிலில் அடித்தால் இலையும் பிஞ்சும் கருகும். எண்ணெய்க் கரைசல் அடித்த மரத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் கந்தகம். ஒரு மருந்து முடிந்ததும் டேங்க், ஓஸ், நாசில் மூன்றையும் மூன்று தடவை கழுவுங்கள்.

கேள்வி: புழுவுக்கு வாங்கிய சைபர்மெத்ரின் மிச்சம் இருக்குதுங்க. அதையே பேனுக்கும் அடிக்கலாமா? (வாசகி, காங்கேயம்)

பதில்: வேண்டாம். துருப்பேனைத் தின்னும் பூச்சிகளும், அதைப் பிடித்துத் தின்னும் வேறு வகை இரைபிடிப் பேன்களும்தான் முதலில் சாகும். பிறகு துருப்பேன் முன்னைவிட அதிகமாகப் பெருகும். மேலே 21ஆம் நாளும் எண்ணச் சொன்னது இதற்காகத்தான்.