கோழி எருவை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

உயிரிவாயு ஆலையில், அதாவது எருவையும் கழிவையும் நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கும் ஆலையில், பொறியாளராக வேண்டும் என்ற மகளின் ஆசையைச் சொல்லி, "நான்கு ஆண்டு பொறியியல் படித்துவிட்டு எருக்குழியில் நிற்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் ஆசைப்படுவது வீட்டுக்கொல்லைச் சாண எரிவாயுக் கலனுக்கு அல்ல. உங்கள் நாமக்கல் மாவட்டத்தில் புதுச்சத்திரத்திலேயே கோழி எருவையும் சர்க்கரை ஆலைக் கழிவையும் கொண்டு வாகன எரிவாயு தயாரிக்கும் ஆலை இருக்கிறது. முதலில் அவளோடு அங்கே ஒருமுறை போய்வர அனுமதி கேட்டுப் பாருங்கள்.

கழிவு நொதிக்கும் மூடிய கலனில் ஊறும் வாயுவில், எரியக்கூடிய மீத்தேன் பாதிக்குச் சற்று மேல்தான். மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. வண்டியில் நிரப்ப வேண்டுமானால் இந்தியத் தரநிலைப்படி மீத்தேன் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்தச் சுத்திகரிப்பும், பிறகு அழுத்தி உருளைகளில் அடைப்பதும் முழுக்க வேதிப் பொறியாளரின் வேலை. அதைவிடக் கடினமானது கலனுக்குத் தீனி போடுவது. மாட்டின் வயிறு போலத்தான் அதுவும். அளவுக்கு மீறினால் அமிலம் கூடி மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும், தேறிவரப் பல வாரங்கள் ஆகலாம். கோழி எருவில் நைட்ரஜன் அதிகம் என்பதால் அம்மோனியாத் தொல்லை வேறு. எதை, எவ்வளவு, எதோடு கலப்பது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இத்துறையில் மதிப்பு.

வேலை கிடைக்குமா? 2018-இல் மத்திய அரசு உயிரிவாயு ஆலைகளை ஊக்குவிக்கும் 'சதத்' (SATAT) திட்டத்தைத் தொடங்கியபோது 5,000 ஆலைகள் என்றார்கள். அதன் அருகில்கூட வரவில்லை. மூலப்பொருள் விலையும், மிஞ்சும் எருக்கூழை விற்க முடியாததும் பல முதலீட்டாளர்களைத் தயங்க வைத்தன. ஆனால் இப்போது வீடுகளுக்குக் குழாயிலும் வண்டிகளுக்கும் எரிவாயு விற்கும் நகர எரிவாயு நிறுவனங்கள் அதில் உயிரிவாயுவைக் கலந்தாக வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது: 2025-26-இல் 1 சதவீதம், 2028-29 முதல் 5 சதவீதம். மகள் பட்டம் வாங்கும் நேரத்தில் தேவை இன்றைவிடக் கூடியிருக்கும் என்பது என் கணிப்பு. அதற்காக இந்த ஒரு துறையை மட்டும் நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஆகவே, 'பசுமை ஆற்றல்' என்று கவர்ச்சியாகப் பெயர் சூட்டிய புதுப் பட்டப்படிப்புகளை விட்டுவிடுங்கள். வேதிப் பொறியியலே முதல் விருப்பமாக இருக்கட்டும். எரிவாயு ஆலை கைகொடுக்காவிட்டால் மருந்து, உரம், பெட்ரோலியம் எங்கும் போகலாம். மதிப்பெண் இருந்தால் சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியை மேலே வையுங்கள். அடுத்தது வேளாண் பொறியியல். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம், தேதியைத் தவறவிடாதீர்கள். உயிரி எரிசக்தியில் ஆழமாகப் போவதை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்கத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆலைகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருப்பவை. ஷிப்ட் வேலை உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், உயிரையும் பறிக்கும். வாயு அளவிடும் கருவி இல்லாமல் ஆளைக் கலனுக்குள் இறக்கும் ஆலை எதுவானாலும், சம்பளம் எவ்வளவு சொன்னாலும், மகளைப் பயிற்சிக்குக்கூட அனுப்பாதீர்கள்.